விரல் மடங்கினால் நிமிர மறுக்கிறதா? ட்ரிக்கர் ஃபிங்கர் கேள்வி பதில்

கை அறுவை சிகிச்சை என் துறை. விரல் மாட்டிக்கொள்வது பற்றிய கேள்விகளுக்கு மட்டும் பதில் சொல்கிறேன். முழங்கால், இடுப்பு வலியெல்லாம் இங்கே வேண்டாம்.

தையல்காரர், திருப்பூர்: டாக்டர், காலையில் எழுந்தால் மோதிர விரல் மடங்கியபடியே இருக்கிறது. மறுகையால் பிடித்து நிமிர்த்தினால் 'டக்'கென்று நிமிர்கிறது. வலி நடு மூட்டில். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லையாம்.

எக்ஸ்ரேயில் தெரியாது. வலி நடு மூட்டில் இருந்தாலும் கோளாறு உள்ளங்கையில். மோதிர விரலுக்கு நேர்கீழே, உள்ளங்கையின் மேல் ரேகை ஓடும் இடத்தை மறுகைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு விரலை மடக்கி நீட்டிப் பாருங்கள். சின்னக் கட்டி ஒன்று நகரும், வலிக்கும். விரலை மடக்கும் தசைநாண்கள் (தசையை எலும்போடு இணைக்கும் கயிறு போன்ற நார்கள்) முன்கையிலிருந்து வந்து, எலும்போடு ஒட்டிய வளையங்களுக்குள் ஓடுகின்றன. முதல் வளையத்தை ஏ1 என்போம். அந்த வளையம் தடித்து, நாணும் வீங்கினால், முடிச்சு விழுந்த நூல் ஊசிக் காதில் சிக்குவதுபோல அங்கே சிக்கும். மடக்கும் தசைக்கு வலு அதிகம் என்பதால் கட்டியை இழுத்துக்கொண்டு மடங்கிவிடும். நிமிர்த்தும் தசைக்கு அவ்வளவு வலு கிடையாது. பிரெஞ்சு மருத்துவர் அல்ஃபோன்ஸ் நோட்டா 1850இல் விவரித்த இந்தக் கட்டியை இன்றும் அவர் பெயராலேயே சொல்கிறோம்.

நாள் முழுக்கக் கத்தரி பிடிக்கும் கை உங்களுடையது. கைப்பிடியில் துணி சுற்றித் தடிமனாக்குங்கள். விரலின் அடிமூட்டை நேராக வைத்திருக்கும் ஸ்ப்ளின்ட் ஒன்றை இரவில் 6 வாரம் போடுங்கள். காலையில் வெதுவெதுப்பான நீரில் கையை வைத்து மெதுவாக அசையுங்கள். பிடித்து இழுத்து 'டக்' வரவழைக்காதீர்கள். ஒவ்வொரு டக்கும் அந்த நாணை இன்னும் உரசுகிறது.

அப்புறம், சர்க்கரை பார்த்தீர்களா? பொதுவாக 100 பேரில் 2, 3 பேருக்கு வாழ்நாளில் எப்போதாவது வரும் தொல்லை இது. சர்க்கரை நோயாளிகளில் 100க்கு ஏறத்தாழ 10 பேருக்கு வருகிறது. விரலுக்காக வந்த இடத்தில் சர்க்கரை தெரியவருவதும் உண்டு. கடந்த சில மாதங்களின் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி ரத்தப் பரிசோதனை ஒன்று எடுத்துவிடுங்கள்.

கல்லூரி மாணவர், கோவை: மொபைல் பார்ப்பதால் வருமா சார்?

மொபைல்தான் காரணம் என்று சொல்ல வலுவான ஆதாரம் இல்லை, தம்பி. வலிக்கும்போது கட்டைவிரலுக்கு ஓய்வு கொடுங்கள்.

இல்லத்தரசி, தஞ்சாவூர்: வயது 54. மூன்று விரல்களில் மாட்டுகிறது. நரம்புத் தளர்ச்சி என்று சத்து மாத்திரை சாப்பிடுகிறேன்.

இது நரம்புத் தளர்ச்சி இல்லை அம்மா, சத்து மாத்திரையால் இது தீராது. 40 முதல் 60 வயதுப் பெண்களுக்குத்தான் அதிகம் வருகிறது. பல விரல்களில் ஒருசேர வந்தால் சர்க்கரை, தைராய்டு, முடக்குவாதம் மூன்றையும் பார்க்க வேண்டும். மார்பகப் புற்றுநோய்க்கு லெட்ரோசோல் வகை மாத்திரை எடுப்பவர்களுக்கும் வரும். அப்படி எடுத்தால் நீங்களாக நிறுத்தாமல் உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

தாய், நாகர்கோவில்: என் 2 வயதுப் பையனுக்குக் கட்டைவிரல் நுனி மடங்கியே இருக்கிறது. பிறக்கும்போது அடிபட்டிருக்குமா?

அடிபட்டதால் வருவதில்லை. நீங்கள் எதுவும் தவறு செய்யவில்லை. குழந்தைகளுக்குக் கட்டைவிரலில் வரும் இது பெரும்பாலும் வலிப்பதில்லை. பல குழந்தைகளுக்குக் காலப்போக்கில் தானாகவே நிமிர்கிறது. நிமிராவிட்டால் சிறிய அறுவை சிகிச்சை போதும், அவசரம் இல்லை. பெரியவர்களுக்கு வீக்கம் குறையப் போடும் ஸ்டீராய்டு ஊசியைக் குழந்தைகளுக்குப் போடுவதில்லை. குளிப்பாட்டும்போது எண்ணெய் போட்டு இழுத்துவிட வேண்டாம் என்று வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லுங்கள்.

மீன் வியாபாரி, தூத்துக்குடி: முந்தாநாள் மீன் முள் குத்தியது. விரல் முழுக்க வீங்கி மடங்கி நிற்கிறது. நிமிர்த்தினால் உயிர் போகிறது. இதுவும் அதுதானா?

இல்லை. நாணைச் சுற்றியுள்ள உறைக்குள் சீழ் பிடித்திருக்கலாம். இப்போதே அவசரப் பிரிவு உள்ள மருத்துவமனைக்குப் போங்கள். தாமதித்தால் விரலே பயனற்றுப் போகலாம்.

வாசகர், சேலம்: எங்கள் ஊரில் சுளுக்கு வழித்து இரண்டே வாரத்தில் சரியானது. நீங்கள் ஸ்டீராய்டு போட்டு உடம்பைக் கெடுக்கிறீர்கள்.

லேசான மாட்டல் ஓய்வில் தானாகவே சரியாவது உண்டு. அந்த நேரத்தில் வழித்திருந்தால் பெயர் வழித்தவருக்குப் போகும். இதமாக எண்ணெய் தடவுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. முரட்டுத்தனமாக இழுப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

ஸ்டீராய்டுக்கு வருகிறேன். மாதக்கணக்கில் மாத்திரையாக விழுங்குவது வேறு, நாண் உறை அருகே ஒரு சின்ன அளவைச் செலுத்துவது வேறு. ஒரே ஊசியில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு மாட்டல் நின்றுவிடுகிறது. பக்க விளைவே இல்லை என்று சொல்லமாட்டேன். ஊசி போட்ட இடத்தில் தோல் வெளுக்கலாம், நம் நிறத்தில் அது பளிச்சென்று தெரியும். கொழுப்பு கரைந்து சிறு பள்ளம் விழலாம். சர்க்கரை உள்ளவர்களுக்குச் சில நாட்கள் அளவு ஏறும், அந்த நாட்களில் வீட்டிலேயே சோதித்துக்கொள்ள வேண்டும். நாண் அறுவது மிக அரிது. ஒரே விரலில் இரண்டு, மூன்று ஊசிக்கு மேல் நான் போடுவதில்லை.

அதே வாசகர்: எல்லாம் பணத்துக்காக.

ஐயா, முதல் பதிலில் ஊசியைச் சொல்லவில்லை, ஸ்ப்ளின்டைத்தான் சொன்னேன். அதில் எனக்கு என்ன வருமானம்? விரல் வளைந்தே இறுகிய பிறகு வருபவர்களைப் பார்த்துத்தான் எனக்கு இவ்வளவு கோபம். வாரக்கணக்கில் இழுத்து, வழித்து, கட்டுப் போட்டு, நடு மூட்டு உறைந்தபின் வருகிறார்கள். வளையத்தை வெட்டினாலும் அந்த மூட்டு முழுதாக நிமிர்வதில்லை.

வேறொரு வாசகர், ஆத்தூர்: டாக்டர் சொல்வது சரி. என் அம்மாவுக்கு வழித்ததில் கை வீங்கி ஒரு வாரம் சோறு பிசைய முடியவில்லை.

இந்த விவாதம் போதும். அம்மாவுக்குச் சர்க்கரை பார்த்தீர்களா?

ஐடி ஊழியர், சென்னை: மொபைல், மவுஸ் காரணமா?

மேலே சொல்லிவிட்டேன். படியுங்கள்.

பரோட்டா மாஸ்டர், மதுரை: ஊசி இரண்டு தடவை போட்டும் திரும்ப வந்துவிட்டது. ஆபரேஷன் செய்தால் பிடி வலு போகுமா? எப்போது மாவு அடிக்கலாம்?

வலு போகாது. விரலுக்கு முக்கியமான வளையங்கள் ஏ2வும் ஏ4உம். அவற்றைத் தொடுவதில்லை. உள்ளங்கையை மட்டும் மரக்கச் செய்து, சுமார் ஒன்றரை சென்டிமீட்டர் கீறி, ஏ1ஐப் பிரித்துவிடுவோம். கால் மணி நேர வேலை. மேசையிலேயே விரலை மடக்கி நீட்டச் சொல்வோம், மாட்டல் போனதை நீங்களே பார்க்கலாம். அன்றே வீடு, அன்றிலிருந்தே விரலை அசைக்க வேண்டும். தையல் பிரிக்க 10 முதல் 14 நாள். மாவு பிசைந்து அடிப்பதற்கு 4 வாரமாவது பொறுங்கள். அதுவரை கல்லில் புரட்டும் வேலை மட்டும், அதுவும் காயம் நனையாமல்.

கீறாமல் ஊசி முனையால் வளையத்தை அறுக்கும் முறையும் நல்லதுதான். கட்டைவிரலில் நரம்பு மிக அருகில் ஓடுவதால் அங்கே நான் திறந்துதான் செய்வேன். கடைசி ஊசி எப்போது போட்டீர்கள்? 3 மாதம் ஆவதற்குள் ஆபரேஷன் செய்தால் சீழ் பிடிக்கும் வாய்ப்பு கூடுதல், அதுவரை தள்ளிப்போடலாம்.

ஆசிரியை, புதுச்சேரி: விரல் மாட்டவில்லை. இரவில் கட்டை, ஆள்காட்டி, நடு விரல்கள் மரத்துப்போகின்றன.

அது மணிக்கட்டில் நரம்பு அழுத்தமாக இருக்கலாம், கார்ப்பல் டனல். சில சமயம் இரண்டும் சேர்ந்தே வரும். நேரில் காட்டிக்கொள்ளுங்கள், சர்க்கரையும் பார்த்துவிட்டுப் போங்கள்.