தசையில் போடும் ஹார்மோன் ஊசி: வாசகர் கேள்விகளும் மருத்துவர் பதில்களும்

கேள்வி: நான் ஒரு திருநம்பி. பெருங்குடியில் மென்பொருள் நிறுவனமொன்றில் வேலை பார்க்கிறேன். இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை டெஸ்டோஸ்டிரோன் எனந்தேட் என்ற ஆண் ஹார்மோன் ஊசியைத் தசையில் போட்டுக்கொள்ளும்படி ஹார்மோன் மருத்துவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். இதுவரை தெருமுனைக் கிளினிக்கில் போட்டுக்கொண்டேன். காத்திருப்பவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி ‘இது எதற்கு’ என்று ஒவ்வொரு முறையும் விசாரிக்கிறார்கள். வீட்டிலேயே போட்டுக்கொள்ள மருத்துவர் சம்மதித்து, ஒருமுறை செய்தும் காட்டினார். வலிக்குப் பயந்து இருப்பதிலேயே சிறிய ஊசியாக வாங்கி வைத்திருக்கிறேன். ஆம்பூலில், அதாவது கழுத்தை உடைத்துத் திறக்கும் கண்ணாடிக் குப்பியில், பாதி மருந்துகூட எனக்குத் தேவைப்படாது. மீதியைச் சிரிஞ்சில் ஏற்றி வைத்துக்கொண்டு அடுத்த முறை பயன்படுத்தலாமா? முறையை விளக்கமாகச் சொல்லுங்கள்.
– பெருங்குடி வாசகர்

பதில்: கிளினிக்கில் நடப்பது முறையல்ல, எந்த ஊசி எதற்கு என்பது உங்களுக்கும் உங்கள் மருத்துவருக்கும் இடையிலான விஷயம். அதை அத்துடன் விட்டுவிட்டு, நீங்கள் வாங்கி வைத்திருக்கும் சிறிய ஊசிக்கு வருகிறேன். வீட்டில் ஊசி போட்டுக்கொள்பவர்களிடம் நான் பார்க்கும் தவறுகள் பெரும்பாலும் வலியைத் தவிர்க்கும் முயற்சியிலிருந்தே வருகின்றன. எனந்தேட் எண்ணெயில் கரைத்த மருந்து. நல்லெண்ணெய், விளக்கெண்ணெய் போன்ற ஏதோ ஒன்று அதற்கு ஆதாரமாக இருக்கும். பழுப்பு நிறக் கழுத்துள்ள 26 கேஜ், அரை அங்குல ஊசியில் அது எளிதில் இறங்காது (கேஜ் எண் கூடக் கூட ஊசி மெல்லியது). அழுத்தி அழுத்தித் தள்ளினால் ஊசி சிரிஞ்சிலிருந்து கழன்றுவிடலாம். அப்படியே இறங்கினாலும் மருந்து தசையை எட்டாமல் தோலுக்கடியில் உள்ள கொழுப்பில் தங்கிவிடும். இதே மருந்தைத் தோலுக்கடியில் போடும் முறையும் உண்டு என்பது உண்மைதான். ஆனால் அது மருத்துவர் அளவைக் கணக்கிட்டுத் தனியாக எழுதித் தர வேண்டிய முறை; கையிலிருக்கும் ஊசி சிறியது என்பதற்காக நாமாக மாறிக்கொள்ளக் கூடாது. நீலக் கழுத்துள்ள 23 கேஜ், ஒரு அங்குல ஊசி பெரும்பாலானவர்களின் தொடைக்குப் போதும். தொடையில் கொழுப்பு அதிகமாக இருப்பவர்களுக்கு ஒன்றரை அங்குலம் தேவைப்படலாம். உங்களுக்கு எது என்பதை, செய்து காட்டிய மருத்துவரே சொல்லிவிடுவார்.

மருந்தை உறிஞ்சுவதற்கு முன் சீட்டையும் ஆம்பூலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். சீட்டில் 100 மில்லிகிராம் என்று இருந்தால், ஒரு மில்லிலிட்டரில் 250 மில்லிகிராம் உள்ள ஆம்பூலில் அது 0.4 மில்லிலிட்டர்தான், ஒரு மில்லிலிட்டரில் 100 மில்லிகிராம் உள்ள மருந்தில் அதே அளவுக்கு ஒரு மில்லிலிட்டர் முழுவதும் தேவை. மருந்துக்கடையில் ‘அது இல்லை, இது இருக்கிறது’ என்று வேறு செறிவில் எடுத்துக் கொடுத்தால், நீங்கள் பழகிய கோடு வரை உறிஞ்சும்போது அளவு இரண்டரை மடங்கு மாறிப்போகும். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், குத்தும் இடத்தைப் பற்றி ஆயிரம் கேள்வி கேட்பவர்கள்கூட இந்தக் கணக்கைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்பதில்லை.

மின்விசிறியை நிறுத்திவிட்டு, வெளிச்சமான இடத்தில் மேசையைத் துடைத்துக்கொண்டு, கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவி நன்றாக உலரவிடுங்கள். ஆம்பூலின் தலைப்பகுதியில் மருந்து தங்கியிருந்தால் விரலால் சுண்டிக் கீழே இறக்குங்கள். கழுத்தில் புள்ளி இருந்தால் அது உங்களைப் பார்க்கும்படி பிடித்து, கழுத்தைப் பஞ்சால் சுற்றி, தலையை உங்களுக்கு எதிர்ப்புறமாகச் சாய்த்து உடையுங்கள். உடையும்போது கண்ணுக்குத் தெரியாத கண்ணாடித் துகள்கள் மருந்தில் விழக்கூடும். அதனால் உறிஞ்சுவதற்கு ஒரு ஊசியையும் குத்துவதற்குப் புதிதாகப் பிரித்த வேறோர் ஊசியையும் பயன்படுத்த வேண்டும். உறிஞ்சுவதற்கு 21 கேஜ் போன்ற தடித்த ஊசி இருந்தால் எண்ணெய் சீக்கிரம் ஏறும். ஊசியை மாற்றியபின் சிரிஞ்சை நிமிர்த்திக் காற்றை வெளியேற்றி, அளவை இன்னொரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். மீதி மருந்தைச் சிரிஞ்சில் வைத்திருக்கவே கூடாது. உடைத்த ஆம்பூல் ஒரே வேளைக்கானது. குளிர்சாதனப் பெட்டியில் வைத்தாலும் அதில் கிருமி வளராது என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. விலை கொடுத்து வாங்கிய மருந்தைக் கொட்ட மனம் வராதுதான். சீழ்க்கட்டி வந்தால் ஆகும் செலவு அதைவிடப் பெரிது.

இடம்: உட்கார்ந்த நிலையில், இடுப்பின் பக்கவாட்டில் கைக்குத் தட்டுப்படும் தொடை எலும்பின் மேல்முனைக்கும் முழங்காலுக்கும் இடைப்பட்ட நீளத்தை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். நடுப்பகுதியில், தொடையின் வெளிப்பக்கமாக உள்ள தசைதான் தாமே போட்டுக்கொள்பவர்களுக்கு உகந்தது. கண்ணுக்கு நேராகத் தெரியும். பெரிய இரத்தக் குழாயோ நரம்போ அங்கே குறுக்கிடுவதில்லை. உள்தொடைப் பக்கம் போகவே கூடாது. பிட்டத்தில் வலி குறைவு என்று சொல்லி உடம்பைத் திருப்பிக்கொண்டு குத்துபவர்கள் உண்டு. பார்க்க முடியாத இடத்தில், காலுக்குச் செல்லும் பெரிய நரம்புக்குப் பக்கத்தில் ஊசியை இறக்குகிறோம் என்பதை அவர்கள் உணர்வதில்லை.

ஸ்பிரிட் பஞ்சால் துடைத்த இடம் அரை நிமிடம் உலரட்டும். ஈரத்தோடு குத்தினால்தான் அந்த எரிச்சல். தொடையைத் தளர்வாக வைத்து, மற்றொரு கையால் தோலை இரண்டு மூன்று சென்டிமீட்டர் பக்கவாட்டில் இழுத்துப் பிடித்துக்கொண்டு, செங்குத்தாக, தயங்காமல் ஒரே வீச்சில் ஊசியை இறக்குங்கள். மெதுவாகக் குத்துவதுதான் வலிக்கும்; மருந்தைத் தள்ளுவதைத்தான் மெதுவாகச் செய்ய வேண்டும், ஒரு மில்லிலிட்டருக்குப் பத்து வினாடி என்ற கணக்கில். முடிந்தபின் பத்து வினாடி காத்திருந்து ஊசியை வெளியே எடுத்து, அதன் பிறகே தோலை விடுங்கள். இழுத்திருந்த தோல் பழைய இடத்துக்குத் திரும்பும்போது ஊசி சென்ற பாதை மூடிக்கொள்வதால் எண்ணெய் கசிந்து மேலே வராது. ஒரு சொட்டு இரத்தம் வந்தால் பஞ்சை வைத்து அழுத்தினால் போதும், தேய்க்க வேண்டாம். அடுத்த முறை மறு தொடை. எந்தத் தேதியில் எந்தப் பக்கம் என்று செல்பேசியில் குறித்து வையுங்கள்.

குத்தியபின் பிஸ்டனைச் சற்றுப் பின்னுக்கு இழுத்து இரத்தம் வருகிறதா என்று பார்க்க வேண்டுமா என்பதில் மருத்துவர்களுக்குள்ளேயே இரு கருத்து உண்டு. தடுப்பூசிக்கு அது தேவையில்லை என்பது இன்றைய நடைமுறை. எண்ணெய் மருந்து இரத்தக் குழாய்க்குள் போகக் கூடாது என்பதால், ஐந்து வினாடி இழுத்துப் பார்ப்பதில் நஷ்டமில்லை என்ற பக்கம் நான். இரத்தம் ஏறினால் ஊசியை எடுத்துவிட்டு அந்த மருந்தை அப்புறப்படுத்தி, எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்க வேண்டும்.

முதல் சில முறை வீட்டில் ஒருவர் உடனிருக்கட்டும். வெறும் வயிற்றில் போட வேண்டாம், மயக்கம் வரலாம். ஒன்றிரண்டு நாள் தொடை வலிப்பது இயல்பு. இரண்டு நாளுக்குப் பின்னும் சிவப்பும் சூடும் வீக்கமும் கூடிக்கொண்டே போனால், காய்ச்சல் வந்தால், அல்லது காலில் மரத்துப்போன உணர்வு நீடித்தால் உடனே மருத்துவரைப் பாருங்கள். குத்தும்போது மின்சாரம் பாய்ந்ததுபோல் வலி காலில் ஓடினால், மருந்தைத் தள்ளாமல் ஊசியை எடுத்துவிடுங்கள். போட்ட சில நிமிடங்களில் திடீர் இருமலும் மூச்சுத்திணறலும் முகவீக்கமும் வந்தால் 108-ஐ அழைப்பதில் தாமதம் கூடாது.

கேள்வி: செயற்கைக் கருத்தரிப்புச் சிகிச்சையில் இருக்கிறேன். தினமும் கருவைத் தாங்க உதவும் புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் எண்ணெய் ஊசி. கணவர் இரவுப் பணிக்குப் போகும் நாட்களில் நானே போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. பிட்டத்தில் கட்டி கட்டியாக இருக்கிறது. எனக்குச் சிறு வயதிலிருந்து வேர்க்கடலை ஒவ்வாது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?
– வேளச்சேரி வாசகி

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: சம்பந்தம் உண்டு. மருந்தின் அட்டையில் ‘அராக்கிஸ் ஆயில்’ என்று அச்சிட்டிருந்தால் அது கடலை எண்ணெய்தான். அப்படி இருந்தால் இன்றைய ஊசியைப் போடுவதற்கு முன்பே உங்கள் சிகிச்சை மையத்தைத் தொலைபேசியில் அழைத்துச் சொல்லுங்கள். வேறு எண்ணெயில் கரைத்ததையோ வேறு வடிவ மருந்தையோ தருவார்கள். அதற்காக நீங்களே மருந்தை நிறுத்திவிட வேண்டாம், ஒரு நாள் விட்டுப்போனால்கூட இந்தச் சிகிச்சை பாதிக்கப்படலாம்.

தினமும் போடுவதால் கட்டிகள் வருவது வழக்கம். எண்ணெய் தசையில் மெல்லத்தான் கரையும். போடுவதற்கு முன் ஆம்பூலைச் சில நிமிடம் உள்ளங்கைக்குள் வைத்திருந்தால் எண்ணெய் இளகும். அடுப்பிலோ கொதிநீரிலோ மைக்ரோவேவிலோ சூடாக்கக் கூடாது. போட்டபின் சற்று நடந்துவிட்டு, பொறுக்கக்கூடிய சூட்டில் ஒத்தடம் கொடுக்கலாம். கட்டி இருக்கும் இடத்திலேயே மறுபடி குத்தாமல் இரண்டு விரல்கடையாவது தள்ளிப் போடுங்கள். கணவர் போடும் நாட்களில் இடுப்பின் பக்கவாட்டுத் தசையில் போடுவதைச் சிகிச்சை மையத்தில் கேட்டுக் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள்: அவருடைய வலது உள்ளங்கையின் அடிப்பகுதி உங்கள் இடது தொடை எலும்பின் மேல்முனையில், ஆள்காட்டி விரல் இடுப்பெலும்பின் முன்முனையில், நடுவிரல் அந்த எலும்பின் மேல்விளிம்பைத் தொடும்படி பின்னோக்கி விரிந்திருக்க வேண்டும், விரல்கள் இரண்டுக்கும் நடுவில்தான் ஊசி. பெரிய நரம்பிலிருந்து இது விலகிய இடம். நீங்கள் தனியாக இருக்கும் நாட்களில், மேலே பெருங்குடி வாசகருக்குச் சொன்ன தொடைப்பகுதி. பிட்டத்தைவிடக் கொஞ்சம் வலிக்கும், மறைக்கவில்லை. இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரினோ, வயிற்றில் போடும் ஹெப்பாரின் ஊசியோ சேர்த்து எடுத்துக்கொள்பவராக இருந்தால் குத்திய இடத்தைச் சில நிமிடங்களாவது அழுத்திப் பிடியுங்கள். பெரிதாக நீலம் பாரித்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியில் செய்த அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு எனக்கு டெஸ்டோஸ்டிரோன் தேவைப்படுகிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் 1000 மில்லிகிராம் ஊசிக்கு மாறியிருக்கிறேன். பழைய ஊசியை நானே போட்டுப் பழகியவன், இதையும் போட்டுக்கொள்ளலாமா?
– இராயபுரம் வாசகர், வயது 52

பதில்: வேண்டாம். டெஸ்டோஸ்டிரோன் அண்டெகனோயேட் என்ற அந்த மருந்து நான்கு மில்லிலிட்டர் எண்ணெய். அதைப் பிட்டத் தசையில் ஆழமாக, ஏறக்குறைய இரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டு செலுத்த வேண்டும். எண்ணெய்த் துளிகள் நுரையீரலுக்குப் போய் இருமலும் மூச்சுத்திணறலும் வரக்கூடும் என்பதால், போட்டபின் அரை மணி நேரம் மருத்துவமனையிலேயே இருப்பதுதான் பாதுகாப்பு. வருடத்துக்கு நான்கைந்து முறைதான், போய் வாருங்கள்.

கேள்வி: என் மகன் வீட்டிலேயே ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்கிறான். குப்பைப் பையைக் கட்டும்போது ஊசி என் விரலில் குத்திவிட்டது. என்ன செய்வது? இனி ஊசிகளை எங்கே போடுவது?
– கொளத்தூர் வாசகி

பதில்: அம்மா, குத்திய இடத்தைப் பிதுக்காமல் ஓடும் நீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பயன்படுத்தியவர் யார் என்று தெரிவதால் பாதி கவலை குறைகிறது, மகனுக்கு எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி பரிசோதனைகளையும், உங்களுக்கு அதே பரிசோதனைகளோடு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி பற்றியும் மருத்துவர் முடிவு செய்வார். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் சில மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. அதனால் இந்த இதழ் கைக்கு வரும்வரை காத்திராமல் ஏற்கெனவே போயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். சென்னையில் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் தாம்பரம் சானடோரியம் மருத்துவமனையிலும் இதற்கான சிகிச்சை உண்டு.

பயன்படுத்திய ஊசியை மூடியைத் திரும்பப் பொருத்தாமல், துணி சோப்புத் திரவம் வரும் தடித்த பிளாஸ்டிக் புட்டியில் நேராகப் போட்டு, திருகு மூடியால் மூடி, ‘ஊசிகள்’ என்று எழுதி ஒட்டி வைக்கச் சொல்லுங்கள். உடைந்த ஆம்பூலும் அதிலேயே போகலாம். தண்ணீர் பாட்டில் மெலிது, ஊசி துளைத்துவிடும். முக்கால் பாகம் நிரம்பியதும் மூடியை இறுக்கி டேப் ஒட்டிவிட வேண்டும். வீட்டு ஊசியும் சிரிஞ்சும் தனியாகக் கொடுக்க வேண்டிய அபாயக் கழிவு என்றுதான் 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் வகைப்படுத்தின. மகன் சிகிச்சை பெறும் மருத்துவமனை புட்டியை வாங்கிக்கொள்ளுமா என்று கேளுங்கள். இல்லையென்றால் மாநகராட்சித் தூய்மைப் பணியாளரிடம் என்ன இருக்கிறது என்று வாயால் சொல்லி, மற்றக் குப்பையோடு கலக்காமல் தனியாகக் கையில் கொடுங்கள். குப்பையைக் கையால் பிரிப்பவர் அவர்தான்.