மலையில் இருக்கிற சின்ன ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கும் குரங்கம்மைப் பயிற்சி தேவையா? எதிலிருந்து தொடங்கலாம்?

கேட்டவர் கூடலூர் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதிதாகச் சேர்ந்த ஸ்டாஃப் நர்ஸ். "எங்களிடம் தனி வார்டு கிடையாது, இதுவரை கேஸும் வந்ததில்லை. ஊழியர்களுக்கு எம்பாக்ஸ் (குரங்கம்மை) வகுப்பு எடுக்கச் சொல்கிறார்கள், எதைச் சொல்வது?" என்று கேட்டிருக்கிறார். நான் நீலகிரியில் தொற்றுத் தடுப்பு நர்ஸாக வேலை பார்க்கிறேன், இதே வகுப்பை எடுத்தும் வருகிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

கட்டாயம் தேவை. 2024 செப்டம்பரில் கிளேட் 1பி என்ற எம்பாக்ஸ் வைரஸ் வகையின் முதல் இந்திய நோயாளி உறுதியானது மலப்புரம் மாவட்டத்தில். நாடுகாணிச் சுரம் இறங்கினால் வழிக்கடவு, அப்புறம் நிலம்பூர், எல்லாம் அந்த மாவட்டம்தான். 2022 ஜூலையில் நாட்டின் முதல் எம்பாக்ஸ் நோயாளி கண்டறியப்பட்டதும் கேரளத்தில். இருவருமே அமீரகத்திலிருந்து வந்தவர்கள். நம் கூடலூர், பந்தலூரில் வளைகுடாவில் வேலை பார்க்கும் சொந்தக்காரர் இல்லாத குடும்பம் குறைவு. உலக சுகாதார நிறுவனம் 2024 ஆகஸ்டில் அறிவித்த அவசரநிலையை 2025 செப்டம்பரில் விலக்கிக்கொண்டது உண்மைதான், ஆனால் நோய் இன்னும் போய்விடவில்லை.

வகுப்பை வைரஸின் குடும்ப வரலாற்றில் தொடங்காதீர்கள். காய்ச்சலும் கொப்புளமுமாக ஒருவர் ஓ.பி. சீட்டு போடும் இடத்தில் வந்து நிற்கிறார், முதல் பத்து நிமிடத்தில் யார் என்ன செய்ய வேண்டும் என்பதில் தொடங்குங்கள். அவரை முதலில் பார்ப்பது டாக்டர் இல்லை. சீட்டு எழுதுபவர், வாசலில் நிற்கும் பணியாளர், சில நாள் 108 வண்டி ஊழியர். அவர்கள் நோயைக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. முகக்கவசம் கொடுத்து, கொப்புளங்களைத் துணியால் மூடிக்கொள்ளச் சொல்லி, கர்ப்பிணிகளும் குழந்தைகளும் உட்காரும் பெஞ்சிலிருந்து தள்ளி ஓர் அறையில் உட்கார வைத்தால் போதும். தனி அறை இல்லாவிட்டால் டிரெஸ்ஸிங் அறையைக் காலி செய்து கொடுங்கள். அந்த அறை ஜன்னலைக் குளிர் என்று சாத்தி வைக்காதீர்கள். நோயாளியை ஒவ்வோர் அறையாக அலையவிடாமல் டாக்டர் அவரிடம் போக வேண்டும். சின்னம்மையாக இருந்தாலும் தட்டம்மையாக இருந்தாலும் இதே ஏற்பாடு பலன் தரும், அதனால் உழைப்பு வீணாகாது.

அடுத்தது, டாக்டருக்கும் நர்ஸுக்கும் தெரிய வேண்டிய வித்தியாசங்கள். சின்னம்மையில் கொப்புளம் மார்பிலும் முதுகிலும் அதிகம், அரிக்கும், புதுசும் காய்ந்ததும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், நெறி பெரும்பாலும் கட்டாது. எம்பாக்ஸில் கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் நெறி கட்டும். கொப்புளம் தோலுக்கடியில் கடலை மாதிரி கெட்டியாக, நடுவில் குழி விழுந்து, வலியோடு இருக்கும். முகம், உள்ளங்கை, உள்ளங்காலிலும் வரும். இது பாடப்புத்தக வடிவம். 2022-க்குப் பிறகு பலருக்குப் பிறப்புறுப்பிலோ ஆசனவாயிலோ ஒன்றிரண்டு புண்ணோடு மட்டும் வந்திருக்கிறது, காய்ச்சல்கூட முன்னால் வரவில்லை. அதனால் படம் காட்டும்போது உடம்பு முழுக்கக் கொப்புளம் நிறைந்த படத்தை மட்டும் காட்டாதீர்கள். நம் பக்கம் ஸ்க்ரப் டைஃபஸ் என்ற பூச்சிக்கடிக் காய்ச்சலின் கருத்த பொருக்கும், குழந்தைகளுக்கு வரும் கை கால் வாய் நோயும், சிரங்கும் சேர்ந்து குழப்பும். இவற்றின் படங்களையும் பக்கத்தில் வையுங்கள்.

சாம்பிள் எடுக்கும்போது கொப்புளத்தை ஊசியாலோ பிளேடாலோ குத்தித் திறக்கவே கூடாது. ஸ்வாபை அழுத்தித் தேய்த்தாலே பி.சி.ஆருக்குப் போதும். ஊசி குத்திக்கொண்டதால் சுகாதாரப் பணியாளர்களுக்கே தொற்றியது வெளிநாடுகளில் பதிவாகியிருக்கிறது. யாருக்கு எப்படி அனுப்புவது என்பதை மாவட்ட நோய் கண்காணிப்பு அலுவலரிடம் இப்போதே கேட்டு, அந்த எண்ணைச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

நான் அதிக நேரம் எடுத்துக்கொள்வது துணிக்குத்தான். 2018-ல் இங்கிலாந்தில் எம்பாக்ஸ் நோயாளி ஒருவரைக் கவனித்த சுகாதார உதவியாளருக்கும் அது வந்தது. நோய் இன்னதென்று தெரிவதற்கு முன்பு அந்த நோயாளியின் படுக்கை விரிப்பை மாற்றியபோது தொற்றியிருக்கலாம் என்றுதான் ஆய்வில் முடிவு செய்தார்கள். காய்ந்த பொருக்கிலும் துணியிலும் இந்த வைரஸ் நாள்கணக்கில் இருக்கும், குளிரும் இருட்டும் அதற்குச் சாதகம். இப்போது ஜூலை மாதத்து தேவாலாவை யோசித்துப் பாருங்கள். வெயிலே தலைகாட்டாது, துவைத்தது காயாது, அழுக்கு விரிப்பு வார்டு மூலையில் குவிந்து கிடக்கும். அதை ஒரு அக்கா வெறும் கையால் அள்ளி உதறி மடிப்பார். வகுப்பில் ஒரு விரிப்பைக் கொடுத்து, உதறாமல் உள்பக்கமாகச் சுருட்டி நேராகப் பையில் போடுவதை எல்லோரும் கையால் செய்து பார்க்க வையுங்கள். கையுறை, கவுன், என்95 முகக்கவசம், கண்ணாடி ஆகியவற்றை எந்த வரிசையில் போடுவது, அதைவிட முக்கியமாக எந்த வரிசையில் கழற்றுவது என்பதையும் அப்படியே. தரையையும் கட்டிலையும் ஹைப்போகுளோரைட் கரைசலால் ஈரத்துணி கொண்டு துடைக்க வேண்டும், உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கக் கூடாது.

குரங்கைப் பற்றிய கேள்வி நிச்சயம் வரும். குன்னூரிலும் ஊட்டியிலும் கூரை மேல் ஓடுகிற குரங்குகளிடமிருந்து இது வரவில்லை, மனிதரிடமிருந்து மனிதருக்கு நெருக்கமான தொடுதலில் பரவுகிறது என்று தெளிவாகச் சொல்லுங்கள். முதுமலை, வயநாடு பக்கத்தில் சொல்கிற குரங்குக் காய்ச்சல் உண்ணி கடித்து வருவது, அது வேறு நோய். இரண்டையும் ஒன்றாக நினைத்துக் குரங்கைக் கல்லால் அடிப்பவர்களை இந்த ஊரில் பார்க்கிறோம்.

மருந்தே இல்லாத நோய்க்கு ஆஸ்பத்திரியில் வைத்து என்ன செய்வது என்று யாராவது கேட்டால், காங்கோவில் டெகோவிரிமாட் மருந்தை வைத்து நடந்த ஆய்வைச் சொல்லுங்கள். 2024-ல் முடிவு வந்தது. மருந்து புண்ணைச் சீக்கிரம் ஆற்றவில்லை. ஆனால் ஆய்வில் சேர்ந்து நல்ல கவனிப்பு கிடைத்தவர்களில் இறந்தவர்கள், மருந்து எடுத்தவரும் எடுக்காதவரும் சேர்த்து, 1.7 சதவீதம். அந்த நாட்டில் பொதுவாக இருந்த இறப்பு விகிதம் 3.6 சதவீதமோ அதற்கு மேலோ. நீர்ச்சத்து, வலி நிவாரணம், புண் சீழ் பிடிக்காமல் பார்ப்பது, கண்ணைக் காப்பது, சாப்பாடு: இவ்வளவு உயிரைக் காப்பாற்றியிருப்பது நர்ஸுகளின் வேலை. இதைச் சொல்லும்போது எனக்கு ஒவ்வொரு தடவையும் குரல் தழுதழுக்கும்.

மறைவிடத்தில் புண் இருப்பவரிடம் கேள்வி கேட்க ஒரு கதவு வேண்டும், அந்தக் கதவு சாத்தியிருக்கவும் வேண்டும். யாரோடு, எப்போது என்பதைக் குற்றவாளியிடம் கேட்பது போல் கேட்டால் அவர் அடுத்த பஸ்ஸில் ஊர் போய்ச் சேர்வார், அப்புறம் நமக்குத் தொடர்பும் கிடையாது, தொடர்பில் இருந்தவர்களின் பெயரும் கிடையாது. நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை செய்துகொள்ளலாம் என்பதையும் அதே அறையில் மெதுவாகச் சொல்லுங்கள். எதிர்ப்புச் சக்தி மிகக் குறைந்தவர்களுக்கு இந்த நோய் கடுமையாகும் ஆபத்து அதிகம்.

வீட்டில் தனிமை பற்றி ஒன்று. அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை கட்டுவதை நான் ஒருநாளும் தடுப்பதில்லை. அதைப் பார்த்துவிட்டு வெளியாட்கள் உள்ளே போவதில்லை, நமக்கு அது லாபம். ஆனால் ஏழாம் நாளோ ஒன்பதாம் நாளோ தலைக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று ஜனங்கள் நினைப்பார்கள். எம்பாக்ஸில் பொருக்கு எல்லாம் உதிர்ந்து அடியில் புதுத்தோல் வரும்வரை தொற்றும். அதற்கு இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். எஸ்டேட் லைன் வீட்டில் ஒரே அறையில் ஆறு பேர் படுக்கிற குடும்பத்துக்கு "தனியாக இருங்கள்" என்று எழுதிக் கொடுப்பதில் அர்த்தமில்லை, அவர்களை அட்மிட் செய்ய வேண்டும்.

கடைசியாக உங்கள் ஊழியர்கள். பாதுகாப்பில்லாமல் நோயாளியைத் தொட்டவர் 21 நாள் காய்ச்சலும் தோலும் பார்த்துக்கொள்ள வேண்டும், அறிகுறி இல்லாதவரை வேலைக்கு வரலாம், அறிகுறி தெரிந்தவுடன் சொல்ல வேண்டும். ஒப்பந்தத்தில் இருக்கும் தூய்மைப் பணியாளர் சொல்ல மாட்டார், ஏனென்றால் லீவு என்றால் அன்றைய கூலி போச்சு. நோய் வந்தால் அந்த நாட்களின் சம்பளம் பிடிக்கப்படாது என்று மருத்துவ அலுவலரிடம் பேசி, வகுப்புக்கு முன்பே எழுத்தில் வாங்கி வையுங்கள். முடிந்தால் அதை மருத்துவ அலுவலரையே வகுப்பில் வந்து சொல்ல வையுங்கள்.