ரொட்டி எடை குறைந்தால் கழுத்துக்கட்டையா?

கேள்வி: வணக்கம் சார். ஒரு தொடர்கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். இங்கிலாந்தில் வாரிக்‌ஷயர் பக்கம் ஒரு சின்ன ஊர், வருடம் 1608. கதாநாயகி கணவனை இழந்தவள். அவன் விட்டுப்போன கடையில் ரொட்டி சுட்டும், ஏல் என்ற பீர் வகையைக் காய்ச்சியும் விற்கிறாள். ஒரு திங்கட்கிழமை ஊர் அதிகாரி வருகிறார். சனிக்கிழமை சுட்ட ரொட்டியை நிறுத்துப் பார்த்து எடை குறைவு என்கிறார். ஏல் ஊற்றும் மண்குவளை அளவு சரியில்லை என்கிறார். லைசென்ஸ் கேட்டால் அவள் கணவனுடைய பழைய லைசென்ஸைக் காட்டுகிறாள். ஊர்த் தலைவரான பெய்லிஃபும் பீர் காய்ச்சி விற்பவர்தான். அடுத்த அத்தியாயத்தில் அவளைச் சந்தையில் கழுத்துக்கட்டையில் (தலையையும் கைகளையும் மாட்டிவைக்கும் மரச்சட்டம்) மாட்டி நிறுத்த நினைக்கிறேன். சட்டப்படி இது நடக்குமா? அவள் தப்பிக்க வழி உண்டா?

பதில்: பட்டா, பாகப்பிரிவினை, செக் ரிட்டர்ன் என்று பார்த்துப் பார்த்துச் சலித்துப்போன எனக்கு 400 வருடம் பழைய கட்சிக்காரி ஒருத்தியை அனுப்பியிருக்கிறீர்கள். சந்தோஷமாக வக்காலத்து போடுகிறேன்.

முதலில் ஒன்று. மூன்று புகாரையும் நீங்கள் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டீர்கள். ரொட்டி எடை ஊர்க் கோர்ட்டில், அதாவது கோர்ட் லீட்டில், அக்கம்பக்கத்தார் ஜூரியாக உட்கார்ந்து தீர்க்கிற விஷயம். குவளையும் லைசென்ஸும் பார்லிமெண்ட் சட்டங்கள். அவை ‘ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ்’ எனப்படும் உள்ளூர் அமைதி நீதிபதிகளிடம் போகும். நீங்கள் பயப்படுவது ரொட்டிக்கு. பயப்பட வேண்டியது லைசென்ஸுக்கு.

ரொட்டிச் சட்டம் மிகப் பழையது. மூன்றாம் ஹென்றி காலத்து ‘ரொட்டி, ஏல் அசைஸ்’ (அசைஸ் என்றால் எடை, விலைக் கட்டுப்பாட்டுச் சட்டம்), வழக்கமாக 1266-67 என்று ஆண்டு போடுவார்கள். அதில் ரொட்டியின் விலை மாறாது, எடைதான் மாறும். கால் பென்னி ரொட்டி எப்போதும் கால் பென்னிதான். கோதுமை விலை ஏறினால் ரொட்டி சிறுக்கும், இறங்கினால் பெருக்கும். ஒரு குவார்ட்டர் கோதுமை (8 புஷல், 200 கிலோவுக்கு மேல்) 12 பென்னி விற்றால், கால் பென்னிக்கு விற்கும் நல்ல வெள்ளை ரொட்டி 6 பவுண்ட் 16 ஷில்லிங் எடை இருக்க வேண்டும். இது காசுக் கணக்கில் சொன்ன எடை, அதாவது அத்தனை வெள்ளிப் பென்னிகளின் எடை (ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங், ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்னி). ரொட்டியின் விலை என்று நினைத்துவிடாதீர்கள். கோதுமை 18 பென்னிக்கு ஏறினால் அதே ரொட்டி 4 பவுண்ட் 10 ஷில்லிங் 8 பென்னி. கோதுமை விலையை ரொட்டி எடையால் பெருக்கிப் பாருங்கள், இரண்டும் ஒரே தொகைக்கு வரும். காலப்போக்கில் பட்டியலின் எண்கள் மாறின, தத்துவம் மாறவில்லை.

இதில் எனக்குப் பிடித்த இடம் ரொட்டிக்காரனின் கூலியையும் சட்டமே எழுதிவைத்திருப்பது. ஒரு குவார்ட்டர் கோதுமைக்கு அவன் 4 பென்னி லாபம் எடுக்கலாம், தவிடு அவனுக்கே. மூன்று வேலையாட்களுக்கு ஒன்றரைப் பென்னி, இரண்டு பையன்களுக்கு அரைப் பென்னி, உப்புக்கு அரை, விறகுக்கு 2, மெழுகுவர்த்திக்குக் கால் பென்னி! நடுராத்திரியில் அடுப்பு மூட்டுகிறவனுக்கு வெளிச்சம் வேண்டும் என்று யோசித்துச் செலவுக் கணக்கில் சேர்த்தவர் யாரோ, அவர் நிச்சயம் ஒரு தடவையாவது பேக்கரிக்குள் போயிருப்பார்.

சரி, தண்டனைக்கு வருவோம். குற்றம் மிகக் கடுமையாக இல்லாதவரை முதல் முறை, இரண்டாம் முறை, மூன்றாம் முறை அபராதம்தான். கடுமையாகவும் திரும்பத் திரும்பவும் செய்து, திருந்தவும் மறுத்தால்தான் உடம்புக்குத் தண்டனை: ரொட்டி சுட்டவருக்குக் கழுத்துக்கட்டை, ஏல் காய்ச்சியவருக்கு டம்ப்ரெல் என்ற தண்டனை வண்டி. உங்கள் ஆள் மீது இது முதல் புகார் என்றால் கழுத்துக்கட்டை அத்தியாயத்தை அப்படியே கிழித்துவிடுங்கள். எடை குறைந்த ரொட்டிகளை எடுத்துப்போய் ஏழைகளுக்குக் கொடுத்துவிடுவார்கள். அந்தக் காட்சி வேண்டுமானால் எழுதலாம், அதுவும் வலிக்கும்.

அபராதமும் வேண்டாம் என்று வாதாட இடமிருக்கிறது. சனிக்கிழமை அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டியைத் திங்கட்கிழமை நிறுத்தினால் ஈரம் காய்ந்து எடை இறங்கத்தானே செய்யும்? குறுக்கு விசாரணையில் நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான். இரண்டாவது, அவர் எந்தப் பட்டியலை வைத்து நிறுத்தார்? சந்தையில் கோதுமை விலை மாறும்போது எடையும் மாறும். சனிக்கிழமை சந்தையில் விலை இறங்கி, அதற்குப் பிறகு புதிய எடை அறிவித்திருந்தால், காலையில் சுட்ட ரொட்டி பழைய எடையில்தானே இருக்கும்?

இரண்டும் எடுபடாவிட்டால் தொகையைக் குறைக்கப் பாருங்கள். லீட்டில் அபராதத் தொகையை முடிவு செய்வது சத்தியம் செய்த ஊர்க்காரர்கள். 1215 மாக்னா கார்ட்டா உரிமைப் பட்டயத்தில், குற்றத்தின் அளவுக்கே அபராதம், வியாபாரி என்றால் அவனுடைய சரக்கு மிஞ்சும்படி போட வேண்டும் என்று இருக்கிறது. அவளிடம் இருக்கும் மாவு மூட்டைகளைக் காட்டி அதைச் சொல்லச் சொல்லுங்கள். இன்னொன்று, ஊர்க் கோர்ட் பதிவேடுகளில் ஏல் காய்ச்சியவர்களின் பெயர் ஒவ்வொரு அமர்விலும் சில பென்னி அபராதத்தோடு வரிசையாக வரும். அடுத்த அமர்விலும் அதே பெயர்கள். பேர்தான் அபராதம், உண்மையில் தொழில் நடத்தக் கட்டும் கட்டணம். ஆகவே உங்கள் நாயகி அதைக் கேட்டு அழ வேண்டியதில்லை. முணுமுணுத்துக்கொண்டே காசை எண்ணிக் கொடுப்பாள்.

உங்கள் ‘ஊர் அதிகாரி’க்குச் சரியான பெயர் ஏல் டேஸ்டர். ஏலின் தரத்தையும் ரொட்டியின் எடையையும் பார்க்கச் சத்தியம் செய்துகொண்ட உள்ளூர்க்காரர், சம்பள அதிகாரி இல்லை. உங்கள் கதை நடக்கும் அதே வாரிக்‌ஷயரில், ஸ்ட்ராட்ஃபோர்டில், 1556-இல் இந்தப் பொறுப்பைப் பார்த்தவர் ஜான் ஷேக்ஸ்பியர், நாடக ஆசிரியரின் அப்பா. அதற்கு நாலு வருடம் முன்னால் தெருவில் குப்பைமேடு போட்டதற்காக அவரே 1 ஷில்லிங் அபராதம் கட்டியவர். பூட்ஸ் போட்டு மிரட்டும் போலீஸ்காரர் மாதிரி எழுதாதீர்கள்.

குவளை விஷயம் கொஞ்சம் கனமானது. 1604-இல் முதலாம் ஜேம்ஸ் கொண்டுவந்த சட்டப்படி, ஏல் கடைக்காரர் நல்ல ஏலோ பீரோ ஒரு பென்னிக்கு ஒரு முழு குவார்ட் (ஒரு லிட்டருக்குச் சற்று மேல்), மட்ட ரகம் என்றால் இரண்டு குவார்ட் கொடுத்தே ஆக வேண்டும். குறைந்தால் ஒவ்வொரு தடவைக்கும் 20 ஷில்லிங், அந்தப் பணம் ஊர் ஏழைகளுக்கு. 20 ஷில்லிங் என்றால் 240 பென்னி. 240 குவார்ட் நல்ல ஏல் விற்றால்தான் அந்தக் காசு வரும், அதுவும் லாபம் பார்க்காமல். இங்கே எனக்கு ஒரே வழிதான் தெரிகிறது: ஊரின் முத்திரை அளவையைக் கொண்டுவரச் சொல்லி, எல்லோர் முன்னாலும் தண்ணீர் ஊற்றி அளக்க வேண்டும். ‘பார்த்தாலே தெரிகிறது, குறைவு’ என்பது சாட்சியம் இல்லை. நுரையை விட்டுவிட்டு அளக்கவும் சொல்லுங்கள்.

இப்போது லைசென்ஸ். 1552 சட்டப்படி ஏல் கடை நடத்த நீதிபதிகள் இருவர் அனுமதி வேண்டும். கடைக்காரர் ஆள்ஜாமீனோடு பத்திரம் எழுதிக்கொடுப்பார்: சூதாட்டம் நடக்காது, கடை ஒழுங்காக இருக்கும் என்று. கணவனுக்காக ஜாமீன் நின்றவர்கள் கணவனுக்காகத்தான் நின்றார்கள். அவன் போனதும் அந்தப் பத்திரம் வெறும் காகிதம். ‘வீட்டுக்காரர் பேரில் இருக்கிறது சார்’ என்று என் அலுவலகத்திலும் வாரம் ஒருவராவது வந்து உட்காருகிறார்கள், அதே பதில்தான். அனுமதியில்லாமல் நடத்தினால் ஜாமீன் இல்லாமல் 3 நாள் சிறை. இனி ஏல் கடை நடத்த மாட்டேன் என்று இரண்டு ஜாமீன்தாரர்களோடு எழுதிக்கொடுத்தால்தான் வெளியே விடுவார்கள், பிறகு 20 ஷில்லிங் அபராதம். அந்தப் பத்திரத்தில் கை வைத்துவிட்டால் கடை முடிந்தது. பெய்லிஃபுக்கு வேண்டியதும் அதுதான்.

அதற்கு முன்னால் ஒரு கேள்வி. அதிகாரி வந்த அன்று ஊரில் நடந்தது வாரச் சந்தையா, வருடாந்திரப் பெருஞ்சந்தையா? உங்கள் கடிதத்தில் அது இல்லை. பெருஞ்சந்தை நாட்களில் யார் வேண்டுமானாலும் கொட்டகை போட்டு ஏல் விற்கலாம் என்று அதே சட்டத்தில் விலக்கு இருக்கிறது. வாரச் சந்தைக்கு அது கிடையாது. கதையின் தேதியைப் பெருஞ்சந்தை நாளுக்கு நகர்த்தினால் மூன்றாவது புகார் தானாக விழுந்துவிடும். நகர்த்த மனமில்லை என்றால், அவள் இன்றைக்கே இரண்டு நல்ல பேருள்ள பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூட்டிக்கொண்டு நீதிபதிகளிடம் போய்த் தன் பெயரில் பத்திரம் எழுத வேண்டும். அதற்குச் சட்டம் அனுமதித்த கட்டணம் 12 பென்னி. கணவனை இழந்த பெண்களுக்கு லைசென்ஸ் கொடுப்பது அன்றைக்குச் சாதாரணம்.

ஆனால் சில ஊர்களில் பெய்லிஃபே நீதிபதி நாற்காலியிலும் இருப்பார். உங்கள் கதையில் அவர் பீர்க்காரர் வேறு. இதைச் சட்டம் யோசிக்காமல் இல்லை. 1318-இலேயே, அசைஸைக் கவனிக்கும் நகர அதிகாரி பதவியில் இருக்கும்வரை உணவுப்பொருள், மது விற்கக் கூடாது என்று தடை வந்தது. நடைமுறையில் ஊருக்கு ஊர் பணக்காரர்களே அந்த வியாபாரிகள், ஆள் கிடைக்கவில்லை. எட்டாம் ஹென்றி காலத்தில் தளர்த்தினார்கள்: தலைவர் அந்த வியாபாரத்தில் இருந்தால், அதில் இல்லாத இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்து அவரோடு சேர்ந்து விலையை நிர்ணயிக்க வைக்க வேண்டும். அந்த இரண்டு பேர் யார் என்று நிறைந்த கோர்ட்டில் அவள் கேட்கட்டும். பதில் இல்லை என்றால், கழுத்துக்கட்டைக்குப் பதிலாக உங்களுக்கு ஒரு நல்ல கோர்ட் காட்சி கிடைத்துவிட்டது. லைசென்ஸுக்கு அவரிடம் போகாமல் கவுண்டி (மாவட்ட) நீதிபதிகளைத் தேடிப் போகட்டும்.

கடைசியாக, அவளுக்கு மறுமணம் செய்துவைக்கிற எண்ணம் இருந்தால் யோசித்துச் செய்யுங்கள். இப்போது அவள் தனி ஆள், பத்திரமும் வழக்கும் அவள் பெயரிலேயே நடக்கும். தாலி ஏறிய மறுநாளிலிருந்து (மன்னிக்கவும், மோதிரம்) அவள் காய்ச்சும் ஏலுக்குக்கூடப் பெரும்பாலும் புருஷன் பெயரில்தான் அபராதம் எழுதுவார்கள்.