தூங்கும் டைனோசர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மகளுக்கு ஒன்பது வயது. எந்நேரமும் டைனோசர்தான். போன வாரம் பென்சிலால் ஒரு படம் வரைந்தாள். கீழே டைரனோசாரஸ் என்று எழுதியிருந்தாள். ஆனால் உடம்பெல்லாம் இறகு, காலை மடக்கி உட்கார்ந்து, தலையைக் கைக்கு அடியில் சொருகிக்கொண்டு தூங்குகிறது. பார்க்க வாத்து மாதிரி இருந்தது. அதை அழித்துவிட்டு, வாயைத் திறந்து உறுமுவது போல வரையச் சொன்னேன். அழுதுவிட்டாள். என் கேள்வி இதுதான்: இந்த விலங்குகளின் தோல், நிறம் எல்லாம் உண்மையிலேயே தெரியுமா, இல்லை எல்லாமே கற்பனையா? பத்து வருடத்துக்கு ஒருமுறை மாற்றிச் சொல்கிறார்களே? அழிந்துபோன மாமத் யானையைத் திரும்ப உயிரோடு கொண்டுவரப் போவதாகவும் படித்தேன். அப்போதாவது தெரிந்துவிடும் அல்லவா?

எம்.

அன்புள்ள எம்.,

இந்தப் படங்களைப் பற்றி ஒரு மாதமாக நானே யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. இரண்டு முறை படித்தேன். இரண்டு முறையும் "அழித்துவிட்டு" என்ற சொல்லிலேயே நின்றுவிட்டேன். எதற்கு ரப்பரை எடுத்தீர்கள்?

சரி, முதலில் நீங்கள் கேட்டதற்குச் சொல்லிவிடுகிறேன். மாமத்தை விடுங்கள். யானையின் மரபணுவைத் திருத்தி முடி முளைக்க வைத்தால் கிடைப்பது முடி வளர்ந்த யானைதான். அசல் மாமத்தின் தோலும் முடியும் சைபீரிய உறைமண்ணிலேயே கிடைத்திருக்கின்றன. 2007-இல் யமால் தீபகற்பத்தில் கிடைத்த லியூபா என்ற குட்டி செத்தபோது அதற்கு ஒரு மாத வயது. சுமார் 42,000 ஆண்டு கழித்தும் அதன் வயிற்றில் தாய்ப்பாலின் தடம் இருந்தது.

நிறமும் சிலவற்றுக்குத் தெரியும். இறகுக்குள் மெலனோசோம் என்ற நுண்ணிய நிறமித் துகள்கள் இருக்கும், அவற்றின் வடிவம் நிறத்துக்கு ஏற்ப மாறும். சில தொல்லெச்சங்களில் அந்த வடிவம் அப்படியே மிஞ்சியிருக்கிறது. சீனாவில் கிடைத்த சைனோசாரோப்டெரிக்ஸ் என்ற சின்ன டைனோசரின் வாலில் செம்பழுப்பும் வெள்ளையுமாகப் பட்டைகள் இருந்தன என்று 2010-இல் அப்படித்தான் சொன்னார்கள். டைரனோசாரஸின் கழுத்து, இடுப்பு, வால் பகுதிகளில் கிடைத்த தோல் பதிவுகளைப் பற்றி 2017-இல் ஒரு கட்டுரை வந்தது. எல்லாமே செதில். ஆனால் அதன் உறவுக்காரனான யூடைரனஸ், ஒன்றரை டன்னை நெருங்குகிற பெரிய விலங்கு, இறகோடு கிடைத்தது. அதனால் உங்கள் மகள் இறகைக் கொஞ்சம் அதிகமாகப் போட்டிருக்கலாம், ஆதாரமே இல்லாமல் போடவில்லை. மாற்றி மாற்றிச் சொல்கிறார்கள் என்ற குறையை நான் ஏற்கவில்லை. இகுவானோடான் என்ற டைனோசரின் கட்டைவிரல் முள்ளை மூக்குக் கொம்பு என்று நினைத்து 1854-இல் லண்டனில் சிலையே வைத்தார்கள். 1878-இல் பெல்ஜியத்தில் ஒரு நிலக்கரிச் சுரங்கத்தின் அடியில் முழு எலும்புக்கூடுகள் வரிசையாகக் கிடைத்ததும் அந்த முள் கைக்குப் போனது. புதிதாக எலும்பு கிடைத்த பிறகும் மாற்றாமல் இருந்திருந்தால்தான் நீங்கள் கோபப்பட வேண்டும்.

இப்போது அந்தப் படத்துக்கு வருகிறேன்.

நீங்கள் வாத்து என்றீர்கள். சீனாவின் லியாவோனிங் மாகாணத்தில் ஒரு சின்ன டைனோசர் கிடைத்தது, சுமார் அரை மீட்டர் நீளம், உண்மையிலேயே வாத்தளவுதான் இருக்கும். 2004-இல் அதற்கு மெய் லாங் என்று பெயர் வைத்தார்கள். அயர்ந்து தூங்கும் டிராகன் என்று பொருள். ஏன் அந்தப் பெயர் தெரியுமா? பின்னங்கால்கள் உடலுக்கு அடியில் மடிந்திருக்கின்றன, வால் உடலைச் சுற்றி வளைந்திருக்கிறது, கழுத்து பின்னால் திரும்பி, தலை இடது முழங்கைக்கும் உடலுக்கும் நடுவே சொருகியிருக்கிறது. பன்னிரண்டு கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் தூங்கப் போனது அப்படியே கல்லாகிவிட்டது. 2012-இல் இரண்டாவதாக ஒன்றைப் பற்றி எழுதினார்கள், அதுவும் தூக்கத்தில். உங்கள் மகள் இதை எங்காவது பார்த்து வரைந்தாளோ, இல்லை பறவைகளைப் பார்த்து அவளே ஊகித்தாளோ, எனக்குத் தெரியாது. இரண்டாவதுதான் என்றால் அது இன்னும் பெரிய விஷயம்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. எனக்கு அப்போது பதினொரு வயது. பொந்திலிருந்து விழுந்த கூகைக் குஞ்சு ஒன்றை அட்டைப்பெட்டியில் வைத்து வளர்த்தேன். மூன்றாம் நாள் காலையில் பார்த்தால் குப்புறக் கிடந்தது. முகம் தரையில், கால் இரண்டும் பின்னால் நீட்டி, சிறகு ஒரு பக்கம் சரிந்து. செத்துவிட்டது என்றே நினைத்தேன். புதைக்க எடுத்துப்போகலாம் என்று கையை நீட்டினேன், ஒரு கண்ணை மட்டும் பாதி திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டது. தலை கனம், கழுத்துக்கு இன்னும் பலம் வரவில்லை, அதனால் ஆந்தைக் குஞ்சுகள் அப்படித்தான் படுத்துத் தூங்கும் என்று வெகுநாள் கழித்துத் தெரிந்துகொண்டேன். அன்றைக்குத் தெரியாது. பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, அதன் முதுகு ஏறி இறங்குவதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒருமுறை ஒரு பெட்டி நிறைய மண்டையோடுகள் வைத்திருந்த ஒருவர், இது எந்தப் பறவை சொல் பார்ப்போம் என்று ஒன்றைக் கையில் கொடுத்தார். ஒடுக்கமாக, நீளமாக, முன்னால் ஒரு அலகு. காக்கையா கழுகா என்று குழம்பினேன். கூகை என்றார். இதய வடிவத்தில் வட்டமாக இருந்த அந்த முகம் முழுக்க வெறும் இறகு. நான் கையில் ஏந்திய பறவையை அதன் எலும்பைப் பார்த்து என்னாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை. அன்று முதல், எலும்பின் மேல் தோலை இறுக்கி ஒட்டி, கன்னமும் தொந்தியும் இல்லாமல் வரைந்த டைனோசர் படம் எதைப் பார்த்தாலும் அந்த மண்டையோடுதான் ஞாபகத்துக்கு வரும். சிகாகோவின் ஃபீல்ட் அருங்காட்சியகத்தில் ஸூ என்ற டைரனோசாரஸ் இருக்கிறது. அதன் வயிற்று விலா எலும்புகளை எப்படிப் பொருத்துவது என்று தெளிவில்லாததால் பல வருடம் தனியே வைத்திருந்தார்கள். அவற்றைச் சேர்த்து 2018-இல் மறுபடி நிறுத்தியபோது அந்த ஒட்டிய வயிறு போய் உடம்பு பீப்பாய் போலானது. அதே உடம்பில், உடைந்து மறுபடி கூடிய விலா எலும்புகள் இருக்கின்றன. உடைந்த எலும்பு ஒன்றுசேர வாரக்கணக்கில், மாதக்கணக்கில் ஆகும். அத்தனை நாளும் அது வாயைத் திறந்து உறுமிக்கொண்டா இருந்திருக்கும்? எங்கேயாவது ஒரு பக்கமாகச் சாய்ந்து, வலிக்காமல் மூச்சு விடப் பார்த்திருக்கும். அதை வரைந்த படம் ஒன்றாவது பார்த்திருக்கிறீர்களா? நான் அநேகமாகப் பார்த்ததில்லை.

உங்கள் மேல் எனக்குக் கோபம் எதற்கென்றால், நீங்கள் செய்தது பழைய தவறு. 1923-இல் மங்கோலியாவில், அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்காரர்கள் முட்டைக் குவியலோடு ஒரு டைனோசரைக் கண்டெடுத்தார்கள். முட்டைகள் புரோட்டோசெரட்டாப்ஸ் என்ற வேறொரு டைனோசருடையவை என்று நினைத்தார்கள். அடுத்த வருடம் அந்த அருங்காட்சியகத்தின் தலைவர் ஆஸ்பர்ன், முட்டைகளோடு கிடைத்த டைனோசருக்கு ஓவிராப்டர் என்று பெயரிட்டார், முட்டைத் திருடன். இந்தப் பெயர் நம்மைத் தப்பாகக் கொண்டுபோய்விடலாம் என்று அவரே ஒரு எச்சரிக்கையும் எழுதினார், அதை யாரும் கண்டுகொள்ளவில்லை. எழுபது வருடம் போனது. 1993-இல் மங்கோலியாவிலேயே அதே வகை முட்டை ஒன்று கருவோடு கிடைத்தது. உள்ளே இருந்தது ஓவிராப்டர் குடும்பத்துக் குஞ்சு. பிறகு அதே குடும்பத்தைச் சேர்ந்த ஒன்று, கூட்டின் நடுவில் உட்கார்ந்து, இரு கைகளையும் விரித்து முட்டைகளைச் சுற்றி வைத்தபடியே கிடைத்தது. மணல் வந்து மூடும்போதும் எழுந்து போகவில்லை. ஆனால் முதலில் வைத்த பெயருக்கே முன்னுரிமை என்பது விலங்கியல் விதி, அதனால் இன்றைக்கும் அது முட்டைத் திருடன்தான். குவியல் பக்கத்தில் கிடந்தது என்பதைத் தவிர அந்தப் பெயருக்கு வேறு ஆதாரமே கிடையாது. கூட்டில் இருக்கும் கோழியைப் பார்த்து இப்படி ஒரு பெயர் வைப்போமா? டைனோசர் என்றதும் நமக்கு முதலில் தோன்றுவது திருட்டும் கொலையும்தான். உங்கள் வீட்டில் ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அது தோன்றவில்லை. அது தூங்கும் என்று தோன்றியிருக்கிறது. அந்தத் தாளின் மேல் ரப்பரை வைத்தீர்கள்.

அவளிடம் மன்னிப்புக் கேளுங்கள். சும்மா சாரி என்று சொல்லாமல், மெய் லாங் எலும்புக்கூட்டின் புகைப்படத்தைத் தேடி எடுத்து அவளுக்குக் காட்டி, நீ வரைந்தது இப்படித்தானே இருந்தது என்று கேளுங்கள். எந்த நிறம் அடிப்பது என்று கேட்டால் அவள் இஷ்டம்.

அப்புறம் எனக்காக ஒன்று செய்யுங்கள். பென்சில் அழுத்தின தடம் ரப்பருக்குப் போகாது. தாளை விளக்குக்குச் சாய்த்துப் பிடித்தால் கோடு கோடாகத் தெரியும். மெய் லாங் தலையை இடப்பக்கம் சொருகியிருக்கிறது. அவளுடையது எந்தப் பக்கம் என்று பார்த்து எழுதுங்கள்.