ஆடுசதைக்கு ஒரு மாதம் போதும், குதிகால் நாணுக்கு?

கேள்வி: வயது 43. ரெண்டு மாதமாக காலையில் ஓடுகிறேன். 3 கிலோமீட்டரில் ஆரம்பித்தது இப்போது 8. மூச்சு வாங்குவதில்லை, ஆடுசதை கல் மாதிரி இறுகிவிட்டது. ஆனால் பத்து நாளாக, தூங்கி எழுந்தால் குதிகாலுக்குச் சற்று மேலே பின்பக்கம் விறைத்துக்கொண்டு, பாத்ரூம் வரை நொண்டித்தான் போகிறேன். நடக்க நடக்கச் சரியாகிவிடுகிறது. "நரம்பு இழுத்துவிட்டது, ஓடியது போதும்" என்கிறார் மனைவி. நிறுத்திவிடவா?

பதில்: முதலில், அது நரம்பு இல்லை. ஆடுசதையைக் குதிகால் எலும்போடு கட்டிவைத்திருக்கும் தசைநாண். நம் ஊரில் இழுத்துப்பிடிக்கிற எல்லாவற்றுக்கும் 'நரம்பு' என்றே பெயர் வைத்துவிட்டோம்!

கோளாறு அந்த 3 டூ 8-ல்தான் இருக்கிறது. தசைக்கு ரத்த ஓட்டம் அதிகம், சில வாரங்களிலேயே பலம் காட்டும். நாணுக்கு ரத்தம் குறைவு, செல்களும் குறைவு, அதைப் பின்னியிருக்கும் கொலாஜன் என்ற புரத இழைகள் இறுகி உறுதியாக மாதக்கணக்கில் ஆகும். அதாவது இன்ஜினை மாற்றிவிட்டீர்கள், கயிறு பழசு. எவ்வளவு பழசு என்று கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். 1950, 60-களின் அணுகுண்டு சோதனைகளால் காற்றில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் எகிறி, பிறகு வருஷா வருஷம் இறங்கியது. ஒரு திசு உருவாகும்போது காற்றில் இருந்த அளவு அதில் பதிந்துவிடும், அதை வைத்து அதன் வயதைச் சொல்லலாம். டென்மார்க் ஆய்வாளர்கள் குதிகால் நாணின் நடுப்பகுதியில் அதை அளந்து 2013-ல் வெளியிட்டார்கள்: ஏறத்தாழ 17 வயதுக்குள் உருவான திசு, அதன்பின் அநேகமாகப் புதுப்பிக்கப்படவே இல்லை. தசை அப்படியில்லை, மாறிக்கொண்டே இருந்தது.

அதற்காகப் படுத்துவிடாதீர்கள். முழு ஓய்வில் வலி குறையும், நாணும் இன்னும் தளர்ந்துபோகும், திரும்ப ஓடினால் பழைய கதைதான். தூரத்தைப் பாதியாக்கி, ஒருநாள் விட்டு ஒருநாள் ஓடுங்கள். கடுமையாக உழைத்த முதல் ஒன்றரை நாள் கொலாஜன் கட்டப்படுவதைவிடச் சிதைவதுதான் அதிகம், அதனால்தான் அந்த இடைவெளி.

அப்புறம் மாடிப்படி. படி விளிம்பில் முன்பாதம் மட்டும் பதிய, கைப்பிடியைப் பிடித்து நில்லுங்கள். ரெண்டு காலாலும் எக்கி, எடையை வலிக்கிற காலுக்கு மாற்றி, குதிகாலை மெதுவாக, அவசரமே இல்லாமல், படிக்குக் கீழே இறக்குங்கள். மேலே வர மறுபடி நல்ல காலின் உதவி. 15 தடவை, 3 சுற்று. அந்த 3 சுற்றையும் முட்டியை நீட்டி ஒருமுறை, லேசாக மடக்கி ஒருமுறை. காலை, மாலை, 12 வாரம். ஸ்வீடனில் ஆல்ஃப்ரெட்சன் என்ற மருத்துவர் 1998-ல் வெளியிட்ட முறை இது. பழகியதும் முதுகுப்பையில் எடை போட்டுக்கொள்ளலாம், ஒரு அரிசிப் பை போதும். வலி எலும்போடு ஒட்டுகிற இடத்திலேயே இருந்தால் மட்டும் படி மட்டத்துக்குக் கீழே இறக்க வேண்டாம்.

செய்யும்போது லேசாக வலித்தால் பரவாயில்லை. மறுநாள் காலை அந்த பாத்ரூம் நடைதான் அளவுகோல்: விறைப்பு கூடியிருந்தால் முந்தின நாள் அதிகமாகிவிட்டது.

யாரோ பின்னாலிருந்து உதைத்த மாதிரி 'டப்' என்று கேட்டு, ஒற்றைக்காலில் எக்க முடியாமல் போனால் மட்டும் அன்றே மருத்துவரிடம் ஓடுங்கள் (ஆட்டோவில்!). சிப்ரோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாடிக் ஏதாவது சமீபத்தில் சாப்பிட்டிருந்தால் அதையும் அவரிடம் சொல்லுங்கள், நாண் அறுந்துபோகும் அபாயத்தை அவை கூட்டுபவை.