“புதுசு மாமா, போட்டுத் தரேன்!”

கேள்வி: மஞ்சள் மண்டி நடத்துகிறேன். எடை, வரவு, பாக்கி எல்லாமே லிப்ரேஆபீஸ் கால்க்கில்தான். லீவுக்கு வந்த அக்கா மகன், “புதுசு மாமா, ஊருக்கெல்லாம் வர்றதுக்கு முன்னாடி உங்களுக்கு வருது” என்று பீட்டா பதிப்பைப் போட்டுவிட்டுப் போய்விட்டான். நன்றாகத்தான் ஓடுகிறது. வைத்துக்கொள்ளலாமா?
– மண்டிக்காரர், ஈரோடு

பதில்: வேண்டாம், எடுத்துவிடுங்கள். காரணம் சொல்லாவிட்டால் மருமகனுக்கு என்மேல் வருத்தம் வரும்.

லிப்ரேஆபீஸ்காரர்கள் இந்த விஷயத்தில் முன்ஜாக்கிரதையானவர்கள். வேலை முடிவதற்கு முன் சோதனைக்காக வெளியிடும் ஆல்ஃபா, பீட்டா பதிப்புகளுக்கு ‘லிப்ரேஆபீஸ்டெவ்’ என்று தனிப் பெயர். பழைய பதிப்பைத் தொடாமல் பக்கத்திலேயே வந்து உட்காரும். அமைப்புகளையும் தனியாக வைத்துக்கொள்ளும். ஆகவே அதை நீக்கினால் பழையது போட்டபடியே இருக்கும். ஆனால் மென்பொருள் இரண்டு இருந்தாலும் உங்கள் கணக்குக் கோப்பு ஒன்றுதானே? அதை பீட்டாவில் திறந்து, ஒரு வரி சேர்த்து சேவ் கொடுத்தால், இப்போது கோப்பு பீட்டா எழுதிய கோப்பு. அதில் பிழை இருந்தால் மென்பொருளை நீக்குவதால் போகாது.

முதலில் எல்லாவற்றையும் பென் டிரைவில் நகல் எடுங்கள். அப்புறம், பீட்டா வந்த நாளிலிருந்து சேவ் ஆன கோப்புகளை மட்டும் பழைய பதிப்பில் திறந்து, கூட்டுத்தொகையை பில் புத்தகத்தோடு ஒத்துப்பாருங்கள். தேதிக் கட்டங்களையும் ஒரு பார்வை பாருங்கள். எல்லாம் சரியாகவே இருக்கலாம். பார்த்தால்தானே தெரியும்.

ஒன்று கவனம். பீட்டாவுக்கு அடுத்து, இறுதிப் பதிப்புக்கு முன்னால் வரும் ‘ஆர்.சி.’, அதாவது ரிலீஸ் கேண்டிடேட், பீட்டா மாதிரி பக்கத்தில் உட்காராது. பழையதை நீக்கிவிட்டு அதன் இடத்தில் ஏறிக்கொள்ளும். கடைசி ஆர்.சி.தான் வழக்கமாக அப்படியே இறுதிப் பதிப்பாகிறது என்பதால் அதில் பயம் குறைவு. முதல் ஆர்.சி.யை மண்டிக் கணினியில் போட நான் சம்மதிக்க மாட்டேன்.

கேள்வி: கோளாறு இருக்கும் என்று தெரிந்தே பீட்டா, ஆர்.சி. பதிப்புகளை ஏன் வெளியிடுகிறார்கள்? இது பொறுப்பில்லாத வேலை இல்லையா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், திருச்சி

பதில்: ஐயா, கோளாறு இருப்பது அவர்களுக்குத் தெரியும், எங்கே இருக்கிறது என்பதுதான் தெரியாது. அதைத் தேடத்தான் ஆள் கூப்பிடுகிறார்கள். நாம் பந்தி என்று நினைத்து இலை முன்னால் உட்கார்ந்துவிடுகிறோம். அவர்கள் கூப்பிட்டது உப்புப் பார்க்க.

2021 பிப்ரவரி கடைசியில் லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலின் 5.12 பதிப்புக்கான முதல் ஆர்.சி. வந்தது. ரேம் போதாதபோது கணினி கொஞ்சம் தகவலை டிஸ்க்கில் இறக்கிவைக்கும். அதற்கு ‘ஸ்வாப்’ என்று பெயர். சிலர் அதற்கென்று டிஸ்க்கில் தனிப் பகுதியே பிரித்திருப்பார்கள், சிலர் ஒரு கோப்பை ஒதுக்கியிருப்பார்கள். அந்தச் சமயத்தில் நிரலைச் சுத்தப்படுத்த ஒரு சின்ன மாற்றம் செய்திருந்தார்கள். பார்த்தவர் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. ஆனால் அந்தக் கோப்பு டிஸ்க்கில் எங்கே தொடங்குகிறது என்ற கணக்கு அதில் தொலைந்துபோனது. நம் திண்ணையில் இறக்க வேண்டிய மூட்டையை அடுத்த வீட்டு அடுப்படியில் இறக்கினால் எப்படி? அப்படித்தான், வேறு கோப்புகள் இருந்த இடத்தில் ஸ்வாப் தகவல் போய் விழுந்தது. டிஸ்க் நாசம்.

தனிப் பகுதி வைத்திருந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, அதனால்தான் வெளியிடும்வரை கண்ணில் படவும் இல்லை. சில நாட்களிலேயே லினக்ஸை உருவாக்கிய லைனஸ் டோர்வால்ட்ஸ் எல்லாருக்கும் எச்சரிக்கை அனுப்பினார். அதோடு விடாமல், அந்தப் பதிப்பின் பெயரோடு ‘டோன்ட்யூஸ்’, அதாவது ‘பயன்படுத்தாதே’, என்று ஒட்டிவிட்டார். மருந்து பாட்டிலில் மண்டை ஓடு போடுகிற மாதிரி! இரண்டாவது ஆர்.சி.யையும் சீக்கிரமே வெளியிட்டார். இதைப் பொறுப்பில்லாத வேலை என்று எப்படிச் சொல்வது?

2008-இல் நடந்தது இன்னும் மோசம். 2.6.27 கெர்னலின் ஆர்.சி. பதிப்புகளை ஓட்டிய சில கணினிகளில், இன்டெல் நெட்வொர்க் சிப்புக்குள் இருந்த நினைவகமே கெட்டது. மென்பொருளைத் திரும்பப் போட்டால் சரியாகிவிடும் என்று சொல்ல வழியில்லை, கெட்டது வன்பொருள்.

கேள்வி: என்னிடம் இருப்பது ஒரே லேப்டாப். டெபியன் ‘சிட்’ போடலாமா? வகுப்பில் எல்லாரும் அதைத்தான் பெருமையாகச் சொல்கிறார்கள்.
– கல்லூரி மாணவி, நாகர்கோவில்

பதில்: புராஜெக்ட் கொடுத்து முடிக்கும்வரை வேண்டாம். ‘சிட்’ என்பது ஒரு கார்ட்டூன் படத்தில் பொம்மைகளை உடைக்கிற பக்கத்து வீட்டுப் பையன் பெயர். டெபியன் லினக்ஸில் ஒரு வகை; அதை உருவாக்குகிறவர்களே, புதுசு எல்லாம் முதலில் வந்து விழும் தங்கள் நிலையற்ற கிளைக்குத் தெரிந்துதான் அதை வைத்தார்கள்.

ஆனால் வகுப்பில் ஒருவராவது சிட் ஓட்டட்டும். 2024 மார்ச்சில் ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர் சிட் கணினியில் எஸ்.எஸ்.எச். (தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் வழி) நுழைவு அரை விநாடி தாமதமாவதைக் கவனித்து நோண்டினார். ‘எக்ஸ்-இசட்’ என்ற சுருக்கு மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ கள்ளத்தனமாக உள்ளே நுழையத் திட்டமிட்டு வைத்த பின்கதவு அகப்பட்டது. டெபியனின் நிலையான பதிப்புக்குள் அது நுழையவே இல்லை.

கேள்வி: இவ்வளவு சொல்கிறீர்களே, நீங்கள் மாட்டியதே இல்லையா?
– வாசகர், சேலம்

பதில்: மாட்டாமலா! கும்பகோணத்தில் டி.டி.பி. சென்டர் வைத்திருந்தேன். பக்க வடிவமைப்புக்கு ஓர் ஓப்பன் சோர்ஸ் மென்பொருள். பெயர் வேண்டாம், தப்பு என்னுடையது. அதன் முன்னோட்டப் பதிப்பில் யூனிகோடு தமிழ் வருகிறது என்று கேள்விப்பட்டு ஆசையோடு போட்டேன். கல்யாணப் பத்திரிகை ஒன்று. திரையில் கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படி இருந்தது. பி.டி.எஃப். எடுத்து, திறந்துகூடப் பார்க்காமல் அச்சுக்கு அனுப்பினேன். 400 பத்திரிகை வந்தது. ‘செல்வன்’ என்ற இடத்தில் ஒற்றைக்கொம்பு தனியாக ஒரு புள்ளி வட்டத்தைக் கட்டிக்கொண்டு நின்றது, அதற்கு அடுத்தாற்போல் வெறும் ‘சல்வன்’. மாப்பிள்ளையின் அப்பா ஒன்றும் பேசவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு தடவை பார்த்தார், அவ்வளவுதான். மறு அச்சு என் செலவு.

அன்று ராத்திரியே திரையில் தெரிந்த ‘செ’ ஒன்று, பி.டி.எஃப்.பில் உடைந்த ‘செ’ ஒன்று, இரண்டையும் படம் பிடித்து உருவாக்குநர்களுக்குப் பிழை அறிக்கை அனுப்பினேன். தமிழே தெரியாத ஒருவர், கொம்பு எந்தப் பக்கம் வரவேண்டும் என்று பொறுமையாகக் கேட்டுக் கேட்டுத் திருத்தினார். இறுதிப் பதிப்பில் சரியாக வந்தது. நம் எழுத்துக் கோளாறு நம் கண்ணுக்குத்தான் படும் என்பதால் இன்றும் பீட்டா எடுக்கிறேன். ஆனால் வேலைக் கணினியில் இல்லை. மேசைக்கு அடியில் கிடக்கும் பழைய பெட்டியில்.

கேள்வி: சோதனைப் பதிப்பா, இறுதிப் பதிப்பா என்று பதிப்பு எண்ணைப் பார்த்தே கண்டுபிடிக்க முடியாதா?
– வாசகி, மதுரை

பதில்: பல நேரம் முடியும். ‘உதவி’ மெனுவில் ‘பற்றி’ என்பதைத் திறந்து, எண்ணுக்குப் பின்னால் ஆல்ஃபா, பீட்டா, ஆர்.சி., நைட்லி (தினமும் ராத்திரி உருவாகும் சோதனைப் பதிப்பு) என்று ஏதாவது வால் இருக்கிறதா பாருங்கள். எண்ணை மட்டும் நம்பினால் ஏமாறலாம். படம் திருத்தும் கிம்ப்பில் 2.99 என்று வந்ததை, ‘மூன்றுக்கு ஒரு நூல்தானே குறைச்சல், முடிந்த மாதிரிதான்’ என்று நினைத்தவர்கள் உண்டு. அது முழுக்க சோதனை வரிசை. முதல் 2.99 வந்தது 2020 நவம்பரில், 3.0 வந்தது 2025 மார்ச்சில்.