நெஞ்சை விடுங்கள், இடது காதைப் பாருங்கள்

கேள்வி: எனக்கு 21 வயது. ஹப்புத்தளைப் பக்கத் தோட்டம். இராணுவத்தில் சேர்ந்து அடிப்படைப் பயிற்சியில் இருக்கிறேன், இப்போது லீவில் வந்திருக்கிறேன். சூட்டுப் பயிற்சி தொடங்கியதிலிருந்து இரவில் படுத்தால் நெஞ்சு படபடக்கிறது, தூக்கம் வருவதில்லை. காலையில் ஓடும்போது ஒன்றும் செய்வதில்லை. குறி பார்க்கும்போது கை நடுங்குகிறது. வலது தோள் கன்றிப் போயிருக்கிறது. நான்கு நாளைக்கு முன் சுட்டதிலிருந்து காதில் 'கீ' என்று ஓயாத சத்தம், இடது காது அடைத்த மாதிரி இருக்கிறது. அம்மா பூண்டு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய் விடுகிறார். வெடிமருந்துப் புகையால் பிள்ளை பிறக்காது என்று யூடியூபில் சொல்கிறார்கள். தாத்தா 74 வயதில் மாரடைப்பில் இறந்தவர். கூட இருப்பவன் தூக்க மாத்திரை கொடுத்தான். எனக்கு இதய நோயா? இதையெல்லாம் முகாமில் சொன்னால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களா?

பதில்: தம்பி, காதுக்கு எண்ணெய் விடுவதை இன்றோடு நிறுத்துங்கள். நாளைக் காலை முதல் பஸ்ஸில் பதுளை போதனா வைத்தியசாலைக்குப் போய், "துப்பாக்கி சுட்ட பிறகு இடது காது கேட்கவில்லை" என்று சொல்லுங்கள். அந்த ஒரு வசனம் போதும். நெஞ்சு, தோள், தாத்தா எல்லாவற்றையும் சேர்த்துச் சொன்னால் வெளிநோயாளர் (ஓ.பி.டி.) வரிசையில் காது விஷயம் அடிபட்டுப் போகும்.

ரைபிளைத் தோளில் வைத்துச் சுடும்போது வெடிச்சத்தம் 150 டெசிபெல்லைத் தாண்டும். 140ஐத் தாண்டினாலே ஒரு வெடி போதும், உட்காது பாதிக்கப்படலாம். நீங்கள் வலது கைக்காரர் என்று நினைக்கிறேன். கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையில் வைத்துக் குறி பார்க்கும்போது தலை கொஞ்சம் திரும்பும்; இடது காது குழல் வாயைப் பார்த்தபடி இருக்கும், வலது காதைத் தலையே மறைத்துவிடும். அதனால்தான் வலக்கைக்காரருக்கு இடது காது முதலில் போகிறது.

சுட்ட அன்று காது இரைவது பலருக்கும் உண்டு. ஒரு நாளில், மிஞ்சினால் இரண்டு நாளில் அடங்கிவிடும். உங்களுக்கு நான்கு நாள் ஆகியும் அடங்கவில்லை, அதோடு அடைப்பும் இருக்கிறது. நான் பயப்படுவது இந்த ஒன்றுக்குத்தான். உட்காதில் சத்தத்தைப் பிடித்து நரம்புக்குக் கொடுக்கும் மயிர்க்கலங்கள் மிக நுண்ணியவை. அவை களைத்துப் போயிருந்தால் தேறும், செத்துவிட்டால் மனிதருக்கு மறுபடி முளைப்பதில்லை. காது எவ்வளவு கேட்கிறது என்று பரிசோதித்துப் பார்த்துவிட்டு, தேவையென்றால் ஸ்டீராய்டு மருந்து கொடுப்பார்கள். அது முதல் சில நாட்களில் தொடங்கினால் பலன் அதிகம், இரண்டு வாரம் கடந்தால் பலன் மிகவும் குறையும். இந்தப் பதில் உங்கள் கைக்கு வரும்போது எத்தனை நாள் ஆகியிருந்தாலும் போங்கள்.

எண்ணெயைப் பற்றி ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன் என்றால், வெடிச்சத்தத்தில் செவிப்பறையே கிழிந்திருக்கக்கூடும். கிழிந்த பறை வழியே எண்ணெய் நடுக்காதுக்குள் இறங்கினால் சீழ் பிடிக்கலாம். பறை நன்றாக இருந்தாலும், அடிபட்ட இடம் அதற்கும் உள்ளே இருக்கிறது. பூண்டெண்ணெய் அங்கே போய்ச் சேராது. அம்மா அன்பில் செய்கிறார். அவரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

சரி, வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களா? உங்கள் கடிதத்தில் உண்மையான கேள்வி இதுதான், கடைசியில் ஒளித்து வைத்திருக்கிறீர்கள். அனுப்பவே மாட்டார்கள் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. பரிசோதனையில் என்ன வருகிறது என்பதைப் பொறுத்தது அது. ஆனால் இப்போது காட்டினால் காது தேற வழியுண்டு. மறைத்துக்கொண்டு அடுத்த வாரமும் சுடப் போனால் களைத்த கலங்களும் செத்துப்போகும். பிறகு ஒரு நாள் எப்படியும் பிடிபடுவீர்கள், அப்போது வேலையும் இருக்காது, காதும் இருக்காது. வைத்தியசாலையில் தரும் துண்டுச் சீட்டைப் பத்திரமாக வைத்திருந்து, திரும்பிப் போனதும் முகாம் டாக்டரிடம் நீங்களாகவே கொடுங்கள். சிங்களத்தில் சொல்லத் தயக்கமாக இருந்தால் "மட்ட ஹரியட்ட எஹென்னே நே" என்று சொன்னால் போதும், எனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று அவருக்குப் புரிந்துவிடும்.

மற்றதெல்லாம் சின்ன விஷயம். மைல் கணக்கில் ஓடும்போது சும்மா இருக்கும் நெஞ்சு படுக்கையில் மட்டும் அடித்துக்கொள்வது இதய நோயின் அடையாளம் இல்லை. ஓடும்போது மயங்கி விழுந்தாலோ, நெஞ்சு வலித்தாலோ உடனே காட்ட வேண்டும். உங்களுக்கு அது இல்லை. தாத்தா 74 வயதில் போனதை வைத்து 21 வயதில் பயப்பட ஒன்றுமில்லை. தோளில் கன்றல், கட்டையை இறுக்கி அணைக்காததால். பத்துப் பதினைந்து நாளில் பச்சையாகி, மஞ்சளாகி மறையும். திறந்த வெளியில் சில வாரம் சுடுவதால் ஆண்மை போகாது. கையில் ஈயத்தூள் படும் என்பது உண்மை, சாப்பிடுவதற்கு முன் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். யூடியூப் டாக்டர்களைப் பார்த்து உடம்பைக் கெடுத்துக்கொண்டவர்களைத் தினம் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது, தயவுசெய்து நீங்களும் அந்த வரிசையில் சேராதீர்கள்.

தூக்கத்துக்கு வருகிறேன். விடிய முன் எழுப்புவது, நாள் முழுக்க அதட்டல், ஒருவன் செய்த பிழைக்கு எல்லோருக்கும் தண்டனை. வீட்டில் சத்தம் போட்டுக்கூடப் பேசாத பிள்ளைகளுக்கு முதல் வாரங்கள் கஷ்டம்தான். உடம்பு பதற்றத்தில் சுரக்கும் அட்ரினலினிலேயே ஓடும், கை நடுங்குவதும் அதனால்தான். வெறும் வயிற்றில் இரண்டு கப் பிளேன்டீ குடித்துவிட்டுச் சுடப் போனால் இன்னும் நடுங்கும். பழகப் பழகக் குறையும். ஆனால் உங்கள் தூக்கத்தைக் கெடுப்பதில் பாதிப் பங்கு காதுக்கு உண்டு என்று நினைக்கிறேன். பகல் இரைச்சலில் மறந்திருக்கும் அந்த 'கீ' சத்தம், விளக்கணைத்து எல்லோரும் படுத்த பிறகு தலைக்குள் நிறைந்து நிற்கும். அதையே கேட்டுக்கொண்டு கிடந்தால் யாருக்கும் நெஞ்சு படபடக்கும்.

அதற்குத் தூக்க மாத்திரையா போடுவது? ராத்திரி போட்ட மாத்திரையின் மந்தம் மறுநாள் காலையும் இருக்கும், அந்த மந்தத்தோடு குண்டு போட்ட துப்பாக்கியைக் கையில் எடுப்பீர்களா? பக்கத்தில் படுத்துச் சுடுகிறவனும் ஒரு தாய்க்குப் பிள்ளைதான். அந்த அட்டையைத் திரும்பத் தொடாதீர்கள். வாழ்வதே வேண்டாம் என்று எப்போதாவது ஒரு நினைப்பு வந்தால் ஆயுதத்துக்குப் பக்கத்தில் தனியாக இருக்காதீர்கள், அந்த நிமிடமே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எந்த நேரமும் பேசலாம்.

டாக்டர் சரி என்று சொல்லும்வரை சுடும் இடத்துக்குப் போக வேண்டாம். பிறகு போகும்போது காதில் பஞ்சு, சிகரெட் பில்டர் எல்லாம் சரிவராது. பஞ்சணை மாதிரி இருக்கும் காதடைப்பானைக் கேட்டு வாங்குங்கள். விரல்களுக்கிடையே மெல்லிய திரியாக உருட்டி, மற்றக் கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்து, உள்ளே நுழைத்து, அது விரியும்வரை அரை நிமிடம் விரலால் அழுத்தி வையுங்கள். பாதி வெளியே துருத்திக்கொண்டு நின்றால் போட்டும் பலனில்லை. நடுவில் கழன்று விழுந்தால் குழல் வாயை இலக்குப் பக்கமே வைத்து, விசையிலிருந்து விரலை எடுத்துவிட்டுக் கையைத் தூக்குங்கள். பயிற்சி கொடுப்பவர் திட்டினால் திட்டட்டும், மாட்டிக்கொண்ட பிறகு சுடுங்கள்.